செண்ட்டுக்காரர் வீட்டுக் காற்று

அந்தக் குடியிருப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செண்ட்டுக்காரர் வீடு எது என்று கேட்டால் வாட்ச்மேன் மூன்றாவது மாடியைக் கை காட்டுவார். காட்டாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது மாடி ஏறும்போதே லாவெண்டர் எதிரே வந்து கூட்டிக்கொண்டு போய்விடும்.

அறைக்கு அடிக்கும் வாசனை ஸ்பிரே தயாரிக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அவர் விற்பனைப் பிரதிநிதி. கறுப்புப் பையில் மாதிரிப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு ஹோட்டல், ஆபீஸ், கிளினிக் என்று ஏறி இறங்குவார். "ஒரே ஒரு தடவை அழுத்திப் பாருங்க சார். தோட்டத்துக்குள்ள நாற்காலி போட்டு உக்காந்த மாதிரி இருக்கும்" என்பது அவர் வாயிலிருந்து நாளொன்றுக்கு நாற்பது தடவையாவது வரும். வீட்டிலும் குறை வைக்கவில்லை. ஹாலில் கரண்டில் செருகும் கருவி, குளியலறையில் ஜெல் டப்பா, செருப்பு அலமாரியில் தொங்கும் அட்டை, படுக்கையறையில் ஜன்னலுக்கு ஒரு பாட்டில். மனைவிக்குத் தபால் நிலையத்தில் கவுண்ட்டர் வேலை. அவள் வந்துவிட்டாளா என்று அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. காற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஆறு வருடமாக மூக்கு வேலை செய்யவில்லை.

ஒரு பெரிய ஜலதோஷம் வந்தது. பத்து நாள் இருந்தது. போகும்போது வாசனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஒரு மாதம் பார்த்தார், ஒரு வருடம் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை இருக்குமா? டாக்டரிடம் போனால் டாக்டருக்குத் தெரிந்துவிடும், அங்கிருந்து ஊருக்கே தெரிந்துவிடும் என்று அதையும் செய்யவில்லை. பாட்டில் மூடிகளின் நிறத்தை மனப்பாடம் செய்துகொண்டார். பச்சை எலுமிச்சை, ஊதா லாவெண்டர், மஞ்சள் மல்லிகை, நீலம் கடல் காற்று. அழுத்திவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். முகம் மலர்ந்தால் தானும் கண்ணை மூடி "ஆஹா" என்பார். சுளித்தால், "கொஞ்சம் ஸ்ட்ராங்தான் சார், பெரிய ஹாலுக்குன்னே செஞ்சது" என்பார்.

வீட்டில் இன்னும் சுலபம். அடுப்பில் எது இருந்தாலும் "என்ன வாசனை, என்ன வாசனை!" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் நுழைவார். ஒருமுறை அவர் அப்படிப் புகழ்ந்தது, மனைவி சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்திருந்த கைப்பிடித் துணிகளை. கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டதால் தப்பித்தார்.

வீட்டில் ஸ்பிரேயை வாரி இறைப்பதற்கும் காரணம் அதுதான். தன் வீடு நாறிக்கொண்டிருந்து, தனக்கு மட்டும் தெரியாமல் போய்விடுமோ என்று உள்ளுக்குள் உதைப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அழுத்து. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு அழுத்து.

அந்த வருடம் கோடை வந்த வேகத்தில் ஹாலில் ஒரு ஏசி இருந்ததே பெரிய ஆறுதலாகப் போயிற்று. குளிர் ஒரு சொட்டுக்கூட வெளியே கசியக் கூடாது என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்டூல் மேல் நின்று ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் ஸ்பாஞ்சு வைத்து டேப் ஒட்டினார். சமையலறைப் புகைபோக்கி ஃபேன் வழியாக வெயில் காற்று வருகிறது என்று அதன் வாயையும் அட்டையால் அடைத்தார்.

"மூச்சு விடுறதுக்காவது ஒரு ஓட்டை இருக்கட்டும்" என்றாள் மனைவி.

"கதவைத் தொறந்துதானே வேலைக்குப் போறோம்? அப்ப வர்ற காத்து போதும்."

அந்த வாரமே மாமியார் வந்து சேர்ந்தார். மருத்துவமனை வார்டில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போதுதான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. குனியக் கூடாது, முகத்தில் தண்ணீர் படக் கூடாது, முக்கியமாக அடித்துத் தும்மக் கூடாது, மூன்று வாரம் மகள் வீட்டில் நிம்மதியாக இருங்கள் என்று டாக்டர் அனுப்பி வைத்திருந்தார்.

கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் கால் வைத்ததும் மாமியார் நான்கு தும்மல் போட்டார்.

"அம்மா, கண்ணு! கண்ணு!" என்று மனைவி அலறினாள்.

"கண்ணு இருக்குடி. மூக்குதான் கழண்டு விழும் போல இருக்கு."

"தூசியா இருக்கும் அத்தை. ஒரு நிமிஷம்" என்று மருமகன் உள்ளே ஓடினார். ஊதா மூடியோடு வந்து, மாமியாரைச் சுற்றி இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு அடித்தார்.

ஒன்பது தும்மல்.

மறுநாளிலிருந்து மாமியார் வார்டில் செய்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, மருந்து நேரம் எழுதுவதுபோலத் தும்மலை எழுத ஆரம்பித்தார். ஒற்றைக் கண்ணால் எழுதினாலும் எழுத்து முத்து முத்தாக இருந்தது. "காலை ஏழு மணி, மூன்று. ஏழே கால், மாப்பிள்ளை ஸ்பிரே அடித்தார். ஏழே இருபது, பதினொன்று." இப்படியே ஒரு பக்கம் நிரம்பியது.

"அத்தை, உங்க தலைவலித் தைலம் ஒத்துக்கலையோ என்னவோ" என்று செண்ட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார்.

"இந்தத் தைலத்தை நாப்பது வருஷமா தடவுறேன் மாப்பிள்ளை. இந்த வீட்டுக்குத்தான் புதுசா வந்திருக்கேன்."

மனைவிக்கும் சாயங்காலமானால் தலை கனத்தது. செண்ட்டுக்காரருக்கே காலையில் எழுந்தால் மண்டைக்குள் யாரோ ஈரச் சாக்கை அடைத்தாற்போல இருந்தது. வெயில் என்று அதன் தலையில் பழியைப் போட்டார். போதாக்குறைக்கு மாமியார் வேறு ஒன்று சொன்னார்.

"இந்த லாவெண்டருக்கு அடியில இன்னொரு வாடை இருக்கு. நனைஞ்ச நாய் மாதிரி."

"நாயா? நாம நாய் வளக்கலையே அத்தை."

"அதனாலதான் சொல்றேன்."

மனைவி பரண், கட்டிலடி, ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம் என்று தேடினாள். நாய் கிடைக்கவில்லை. நாய் வாடை அடிக்கிறதா இல்லையா என்று அவளுக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த வீட்டில் இத்தனை வருடம் இருந்ததில் லாவெண்டரைத் தாண்டி எதுவும் அவள் மூக்குக்கு எட்டுவதில்லை. "உங்களுக்குத் தெரியாத வாசனையா? நீங்க பாருங்க" என்றாள் கணவனிடம். அவர் ஹால் நடுவில் நின்று மார்பு விரிய இழுத்து மூச்சு விட்டு, நீதிபதி தீர்ப்புச் சொல்வதுபோல, "சுத்தமான காத்து" என்றார்.

குட்டு உடைந்தது பாலில்தான்.

அன்றைக்கு அவருக்கு விடுப்பு. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். மாமியாருக்குப் பதினோரு மணிக்குப் பால் காய்ச்சிக் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. அடுப்பில் பாலை வைத்தார். சமையலறை வாசலுக்குச் சரியாக ஐந்தடி தள்ளி ஹால் நாற்காலியில், முதுகைக் காட்டி உட்கார்ந்து, மாத விற்பனை அறிக்கை எழுத ஆரம்பித்தார். நீல மூடிப் பாட்டில் ஏன் விற்கவில்லை என்பதற்கு நல்ல காரணம் ஒன்று தேவைப்பட்டது. அந்த யோசனையில் பால் பொங்கியது, வழிந்தது, வற்றியது, அடிப்பிடித்தது, கருகியது.

மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளை, என்னமோ கருகுதே?"

அவர் தலை நிமிராமல் காற்றை இழுத்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே அத்தை. மல்லிகை அடிச்சேன், அதுவா இருக்கும்."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து புகை, அழைப்பில்லாமல் வந்த விருந்தாளிபோல நிதானமாக ஹாலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

பிறகு நடந்தது அமளி. அடுப்பை அணைத்தார். புகை வெளியே போக வழி பார்த்தால் வழியே இல்லை; எல்லாவற்றையும் அடைத்தவர் அவர்தான். புகைபோக்கி ஃபேனைப் போட்டார்; அது அட்டையில் மோதிப் புகையை மறுபடி அவர் முகத்திலேயே துப்பியது. ஜன்னலுக்கு ஓடினார். மட்டமான டேப்பாக இருந்திருந்தால் வந்திருக்கும். இது ஹோட்டல்காரர் ஒருவர் சிபாரிசு செய்த முதல் தரமான டேப். கத்தி எடுத்து அறுத்தார். அதற்குள் புகை வாடை கிடைத்த மேல் வீட்டுக் கணக்கு டீச்சர் வாளித் தண்ணீரோடு கதவைத் தள்ளித் திறந்து, தீ எங்கே என்று தெரியாமல், கண்ணில் பட்ட முதல் ஆள்மீது ஊற்றிவிட்டார்.

புகை அடங்கி, டீச்சர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போன பிறகு, மாமியார் நனைந்த மருமகனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். குரல் பழைய வார்டுக் குரலாக மாறியிருந்தது.

"கண்ணை மூடுங்க மாப்பிள்ளை."

"எதுக்கு அத்தை?"

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடினார். மாமியார் சமையலறைக்குப் போய், வெங்காயத்தை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியைக் கொண்டுவந்து மூக்குக்கு அடியில் பிடித்தார்.

"எலுமிச்சம்பழம் எப்படி இருக்கு? வாங்கி ரெண்டு நாளாச்சு. இன்னும் நல்லா இருக்கா?"

செண்ட்டுக்காரர் ஆழமாக இழுத்தார். இருபத்திரண்டு வருட அனுபவம் முகத்தில் புன்னகையாக மலர்ந்தது. "இப்பதான் மரத்துலேர்ந்து பறிச்ச மாதிரி இருக்கு அத்தை."

"கண்ணைத் தொறங்க."

திறந்தார். வெங்காயம். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வந்தது. பாதி வெங்காயத்தால், மீதி அவருக்கே தெரியும். ஆறு வருடக் கதையையும் சொல்லி முடித்தார்.

மாமியார் திட்டவில்லை. "நல்ல வேளை பால். கேஸா இருந்தா?" என்று மட்டும் கேட்டார். சொந்த வீட்டு அடுப்புக்கு முன்னால் எத்தனை தடவை ஒன்றும் தெரியாமல் நின்றிருக்கிறோம் என்று செண்ட்டுக்காரர் அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தார்.

மனைவி சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் கேட்டாள். கேஸ், புகை, ஆபத்து எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வேறொன்று ஏறியது.

"அப்ப ஆறு வருஷமா, 'என்ன வாசனை, என்ன வாசனை'ன்னு சொன்னதெல்லாம்?"

அவர் எழுந்து போய்க் கருகிய பால் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"என் பொறந்த நாளுக்கு செண்ட் வாங்கிக் கொடுத்தீங்களே. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே?"

"மூடி ரொம்ப அழகா இருந்துச்சு" என்றார் அவர், பொய் சொல்லும் தெம்பு போன நிலையில்.

இரண்டு நாள் அவரோடு பேச்சில்லை. சாப்பாடு மட்டும் வந்தது. புகழ வேண்டிய வேலை இல்லாததால் சாப்பாடு சீக்கிரம் முடிந்தது.

வீடு மாமியார் கைக்கு மாறியது. முதல் வேலையாக ஸ்பிரே, ஜெல், தொங்கும் அட்டை எல்லாம் திரட்டப்பட்டன. நாற்பத்து மூன்று உருப்படி. அட்டைப் பெட்டியில் போட்டு மொட்டை மாடி அறைக்குப் போயின. "இனிமே நாலு சுவத்துக்குள்ள எதையாவது யாராவது அழுத்தினா, கையில ஊசி போட்டுடுவேன்" என்றார் மாமியார். விடியற்காலை ஐந்தரைக்கு எல்லா ஜன்னலும் திறக்க வேண்டும். வெயில் ஏறியதும் மூடித் திரையை இழுக்க வேண்டும். சாயங்காலம் வெயில் தணிந்ததும் மறுபடி திறக்க வேண்டும். அடுப்பு எரிகிறவரை புகைபோக்கி ஃபேன் ஓட வேண்டும். தரையை விளக்குமாற்றால் பெருக்கித் தூசியைக் கிளப்பக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். குனியக் கூடாத மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து விரலால் இடம் காட்ட, குனியலாம் என்ற ஒரே காரணத்துக்காக மருமகன் துடைத்தார். திரைச்சீலையைக் கழற்றி வெந்நீரில் ஊறப்போட்டபோது வந்த தண்ணீரைப் பார்த்து, பேசாமல் இருந்த மனைவிகூட "ஐயையோ" என்று கத்திவிட்டாள். அது பேச்சில் சேராது என்று உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாயைக் கண்டுபிடித்தவர் ஏசி மெக்கானிக். தொப்பையும் பொறுமையும் உள்ள மனிதர். மேலே ஏறி மூடியைக் கழற்றியவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்தார்.

"சார், இதைக் கடைசியா எப்ப கழுவினீங்க?"

"கழுவணுமா?"

மெக்கானிக் உள்ளேயிருந்து வலையை உருவினார். வலை தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒன்று தடிமனாக ஒட்டியிருந்தது. "இதை வச்சு ஒரு ஸ்வெட்டர் பின்னலாம் சார்" என்றார். பின்னால் தண்ணீர் போகும் குழாய் அடைத்து, உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடித்திருந்தது. "இந்த நாத்தத்தோடயா இருந்தீங்க? மூக்கு இல்லையா உங்களுக்கு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார், "சிரிக்காதேடி, எனக்கும் வருது, தையல் போட்ட கண்ணு" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மெக்கானிக் ஒன்றும் புரியாமல் ஏணி மேலேயே நின்றார். இரண்டு நாள் மௌனம் அத்தோடு போயிற்று.

மூக்கு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே எல்லாம் வீங்கிக் கதவடைத்துக் கிடக்கிறது என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு டார்ச்சை மறுபடி ஒரு தடவை அடித்துப் பார்த்தார். வாசனை திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், வீட்டுக் காற்றை மட்டும் இப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்.

மாமியாரின் காலண்டர் தாளில் ஒன்பதாம் நாள் முதல்முறையாகப் பூஜ்யம் விழுந்தது. மூன்று வாரம் முடிந்து, கண் தெளிந்து, ஊருக்குக் கிளம்பும்போது அந்தத் தாளை மகளிடம் கொடுத்து, "ஃபைல் பண்ணி வை" என்றார்.

செண்ட்டுக்காரருக்கு மூக்கு திரும்பியது அதற்கும் இரண்டு வாரம் கழித்து, வரக்கூடாத இடத்தில்.

பெரிய ஹோட்டல் ஒன்றின் துப்புரவுப் பிரிவுத் தலைமை அம்மாவிடம் மாதிரி காட்டிக்கொண்டிருந்தார். விற்பனை சரிகிறதே என்று கம்பெனி மேனேஜரும் கூட வந்திருந்தார். நீல மூடியைக் கழற்றி, "கண்ணை மூடுங்க மேடம், கடற்கரையில நிக்கிற மாதிரி இருக்கும்" என்று சொல்லி அழுத்தினார். வழக்கம்போல அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்குக்குள் ஏதோ படக்கென்று திறந்துகொண்டது. ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் வாசனை, அதுவும் ஒரு அடி தூரத்திலிருந்து.

"ஐயோ, இது என்ன கண்றாவி!" என்றார் செண்ட்டுக்காரர். தொடர்ந்து ஏழு தும்மல்.

மேனேஜரின் முகத்திலிருந்த நிறம் போயிற்று. அந்த அம்மா சோபாவில் உட்கார்ந்து சிரித்தார். "நாலு வருஷமா இதை எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னு இருந்தேன்" என்றார்.

"எனக்கு வருது மேடம்! வாசனை வருது!" என்று அவர் துள்ளினார். பிறகு மூக்கை உயர்த்தி, வேட்டைக்குப் புறப்பட்டவர்போல நடைபாதையில் நடந்தார். மூன்றாவது அறை வாசலில் நின்று காலால் தரைவிரிப்பை அழுத்தினார். தண்ணீர் ஊறி வந்தது. மேலே ஏசி குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "இதுக்கு ஸ்பிரே வேண்டாம் மேடம். குழாயைச் சரி பண்ணுங்க, விரிப்பை எடுத்து வெயில்ல போடுங்க, ரெண்டு நாள் ஜன்னலைத் தொறந்து வைங்க" என்றார்.

காரில் மேனேஜர் வாய்விட்டுத் திட்டினார். செண்ட்டுக்காரர் காதில் வாங்கவில்லை. கார் இருக்கையின் ரெக்ஸின் வாசனையில் லயித்திருந்தார். ஆனால் அந்த அம்மா மறுவாரமே போன் செய்து, உங்கள் கம்பெனியில் வாசனையே இல்லாத தரை துடைக்கும் திரவம் இருக்கிறதாமே, அதை இவரே வந்து காட்டினால் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் யாரும் தொடாத சரக்கு அது. அந்தப் பிரிவு முழுக்க அவர் தலையில் கட்டப்பட்டது. தண்டனை என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார்.

மூக்கு திரும்பிய அன்று சாயங்காலமே, வீட்டுப் படி ஏறும்போதே அவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. சமையலறை வாசலில் போய் நின்றார். மனைவி எண்ணெயில் பூண்டு வதக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, நின்னுட்டே இருக்கீங்க?"

"பூண்டு."

"ஆமா, பூண்டுதான். கண்ணுதான் நல்லா இருக்கே, தெரியாம என்ன?"

"இல்ல. பூண்டு..." என்றார் அவர். கண் நிறைந்து வழிந்தது.

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். நிஜம்தானா என்று சோதிக்க, மிளகு டப்பா, சோப்புக்கட்டி, தன் தபால் நிலையப் பை, கடைசியாகத் தன் தலைமுடி என்று ஒவ்வொன்றாக நீட்டினாள். எல்லாவற்றிலும் பாஸ். "பூண்டுக்கு அழுத ஒரே ஆம்பளை நீங்கதான்" என்று புடவைத் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். அதிலும் பூண்டு மணந்தது.

அதற்குப் பிறகு அவர் போக்கே மாறிவிட்டது. ஆறு வருடப் பாக்கியையும் ஒரேயடியாக முகர்ந்து தீர்ப்பவர்போல வீட்டுக்கு வீடு போய் நின்றார். செண்ட்டுக்காரர் வருகிறார் என்று ஒதுங்கிப் போனவர்களே, எங்க வீட்டில் என்னமோ ஒரு மாதிரி இருக்கு, வந்து பாருங்களேன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கூப்பிட்டது கணக்கு டீச்சர். புது அலமாரி வாங்கியதிலிருந்து படுக்கையறையில் கண் எரிகிறது என்றார். செண்ட்டுக்காரர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுத்தார்.

"பலகை ஒட்டின பசை டீச்சர். துணியெல்லாம் வெளியில எடுங்க. கதவைத் தொறந்து போட்டு, ஜன்னலையும் தொறந்து, ரெண்டு வாரம் காத்தாட விடுங்க."

"துணியை எங்க வைக்கிறது?"

"சோபாவுல வைங்க."

சோபா டீச்சரின் கணவர் பகலெல்லாம் படுத்து டிவி பார்க்கும் இடம். இரண்டு வாரமும் அவர் சாப்பாட்டு மேசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மேட்ச் பார்த்தார். டீச்சருக்குக் கண் எரிச்சல் போய்விட்டது. கணவர் மட்டும் செண்ட்டுக்காரரைப் படியில் பார்த்தால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.